மைதானத்தில் ஆத்திரம்: பேஸ்பால் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய பின் பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய நண்பர்களும், பிள்ளைகளால் இந்த ஆட்டத்துக்குள் இழுத்து வரப்பட்ட பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்ட விதிகளைப் பற்றிக் கேட்டவர்களைவிட, மட்டையைத் தரையில் அறைபவரையும் நடுவரிடம் கத்துபவரையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டவர்களே அதிகம். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் வட அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் ஆட்டங்களைப் பற்றியவை, கருத்துகள் என்னுடையவை.

1. தொழில்முறை ஆட்டக்காரர் மைதானத்தில் எரிச்சலைக் காட்டலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

காட்டலாம். ஆனால் அந்த எரிச்சல் அவரைத் தவிர வேறு எவர்மீதும் போய் விழக் கூடாது. அடுத்த பந்து வீசப்படுவதற்குள் அது அடங்கிவிடவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் உட்பட்டு ஒருவர் பல்லைக் கடித்தாலும், ஹெல்மெட்டைக் கழற்றித் தொடையில் தட்டிக்கொண்டாலும், தன்னைத் தானே திட்டிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த எல்லையை யார் எங்கே தாண்டினார்கள், தாண்டியதால் என்ன ஆனது என்பதைத்தான் கீழேயுள்ள பதில்களில் பெரும்பாலும் காண்பீர்கள்.

2. கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு எரிச்சல் ஏன் வருகிறது?

இந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடிக்கிறவர் (அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் பேஸ் எனும் நிலையை எட்டுகிறவர்) இங்கே முதல் தரமான பேட்டர். அதாவது, ஏழு முறை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் அணி அமரும் டக்அவுட்டுக்குத் திரும்புகிறவர். மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் ஒரு பருவம் முழுவதும் பத்துக்கு நான்கு என்ற விகிதத்தைத் தாண்டிய கடைசி பேட்டர் டெட் வில்லியம்ஸ், ஆண்டு 1941, சராசரி 0.406. போதாக்குறைக்கு, ஓங்கி அடித்த பந்து நேராக ஃபீல்டரின் கையுறைக்குள் போய் விழும். மட்டையின் நுனியில் பட்ட சொத்தைப் பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து ஹிட்டாகிவிடும். உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு ஒரு நாள் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கால்பந்தில் ஓடித் தீர்க்கலாம், ரக்பியில் முட்டித் தீர்க்கலாம். பேஸ்பாலில் ஒரு பேட்டருக்கு ஆட்டத்துக்கு நான்கைந்து வாய்ப்புகள்தாம். இடையில் முக்கால் மணி நேரம்கூட உட்கார்ந்தோ நின்றோ காத்திருக்க வேண்டும். மட்டையை இறுக்கிப் பிடித்தால் வீச்சு கெடும் என்பதால், கோபத்தை ஆட்டத்துக்குள் செலவழிக்கவும் முடியாது. ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் இப்படியே போகும். சம்பளம் எவ்வளவு என்பது இதில் எதையும் மாற்றாது.

3. கிரிக்கெட்டில் நடுவர் தீர்ப்புக்கு முகம் சுளித்தாலே அபராதம் போடுகிறார்களே, இங்கே விதியே கிடையாதா?

உண்டு, ஆனால் அது வேலை செய்யும் விதம் வேறு. கிரிக்கெட்டில் பெரும்பாலும் ஆட்டம் முடிந்த பிறகு மேட்ச் ரெஃப்ரி விசாரித்துத் தண்டிப்பார். பேஸ்பாலில் நடுவரே அந்த இடத்தில் கையை உயர்த்தி வெளியேற்றிவிடலாம். வாய்மொழி எச்சரிக்கை இருக்கலாமே தவிர, மஞ்சள் அட்டை போன்ற இடைப்படி கிடையாது. வெளியேற்றப்பட்டவர் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. அபராதமும் இடைநீக்கமும் பின்னர் லீக் அலுவலகத்திலிருந்து வரும்.

விதிப்புத்தகத்தின் 8.02 விதி, நடுவரின் கணிப்பைச் சார்ந்த முடிவுகள் இறுதியானவை என்கிறது. குறிப்பாக, ஸ்ட்ரைக்கா (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த பந்து) பாலா (அதற்கு வெளியே போன பந்து) என்ற முடிவை எதிர்த்து வாதிடத் தன் இடத்தை விட்டு வருகிறவரை முதலில் எச்சரிக்க வேண்டும் என்றும், அவர் நிற்காவிட்டால் வெளியேற்ற வேண்டும் என்றும் அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஓர் ஆட்டத்தில் முந்நூறு பந்துகளுக்கு அருகில் வீசப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வாதம் நடந்தால் ஆட்டம் விடிந்தாலும் முடியாது என்பதுதான் இந்தக் கண்டிப்புக்குக் காரணம்.

4. அப்படியானால் பேட்டர்கள் நடுவரிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்களே, அவர்களை ஏன் வெளியேற்றுவதில்லை?

எழுதப்படாத ஒரு நாகரிகம் இருக்கிறது. பேட்டர் தலையைத் திருப்பாமல், பந்து வீசும் பிட்சரைப் பார்த்தபடியே, "அது கொஞ்சம் தாழ்வாக வரவில்லையா?" என்று கேட்கலாம். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரும் திரும்பிப் பார்க்காமல் தன் குறையைச் சொல்லுவார். அரங்கில் இருப்பவர்களுக்கு அந்த உரையாடல் நடப்பதே தெரியாது; நடுவரும் பதில் சொல்லுவார், சில வேளைகளில் "தவறவிட்டிருக்கலாம்" என்றுகூட ஒப்புக்கொள்வார். திரும்பி நின்று முகத்துக்கு நேரே பேசினால், அதே சொற்கள் நாற்பதாயிரம் பேர் முன்னால் செய்யப்பட்ட அவமதிப்பாகிவிடும். பந்து எங்கே வந்தது என்று மட்டையால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டுகிறவர் கிட்டத்தட்ட உறுதியாக வெளியேற்றப்படுவார். அவர் வாயே திறந்திருக்க மாட்டார் என்றாலும்கூட.

பேச்சிலும் ஒரு கோடு உண்டு. தீர்ப்பைத் திட்டினால் பொறுத்துக்கொள்ளும் நடுவர், தன்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வதில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

5. மட்டையை முழங்காலில் வைத்து உடைக்கிறார்கள். அது அநாகரிகம் இல்லையா?

போ ஜாக்சன் 1980களின் இறுதியில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனதும் மட்டையைத் தொடையில் வைத்துக் குச்சிபோல் முறித்ததைப் பார்த்து ரசிகர்கள் வாய் பிளந்தார்கள். மட்டை அவருடையது, தொடையும் அவருடையது. முதல் பதிலில் சொன்ன அளவுகோலின்படி எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. மரம் வீணாகிறது என்ற வருத்தம் மட்டும் உண்டு.

எறிவது வேறு. கையை விட்டுப் போன மட்டை யாரைத் தாக்கும் என்பது எறிந்தவர் கையில் இல்லை. 1958 செப்டம்பரில் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் டெட் வில்லியம்ஸ் தன்மீதே கொண்ட எரிச்சலில் சுழற்றிய மட்டை பறந்து, முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணியின் தலையில் பட்டது. அந்தப் பெண்மணி வில்லியம்ஸ் அணியின் பொது மேலாளர் ஜோ குரோனினின் வீட்டைப் பராமரித்து வந்தவர். பெரிய காயமில்லை என்பதும், அவரே வில்லியம்ஸை மன்னித்ததும் அதிர்ஷ்டம். வேண்டுமென்றே எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்மன் யங் உதாரணம்: 2006 ஏப்ரலில், மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீக் ஆட்டம் ஒன்றில் நடுவரை நோக்கி மட்டையை எறிந்து, 50 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார்.

6. டக்அவுட்டுக்குள் போய்த் தண்ணீர் டிரம்மையும் தொலைபேசியையும் அடித்து நொறுக்குவது?

2013 ஜூலையில் பால்டிமோரில் டேவிட் ஓர்டிஸ், ஒரு ஸ்ட்ரைக் தீர்ப்பால் கொதித்துப்போய், டக்அவுட் சுவரில் இருந்த தொலைபேசியை மட்டையால் துண்டு துண்டாக்கினார். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அது குறுகலான இடம். பக்கத்தில் சக ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் துண்டுகள் பறந்தன. நானாக இருந்தால் முறிந்த மட்டையை மன்னிப்பேன், நொறுங்கிய தொலைபேசியை மன்னிக்க மாட்டேன்.

7. ஆத்திரத்தில் கையை உடைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்களே, அது மிகைப்படுத்தலா?

இல்லை, இந்தப் பட்டியல் நீளமானது. 1978 ஜூலை 24 அன்று நியூயார்க் மெட்ஸ் பிட்சர் பாட் ஜாக்ரியின் பந்தில் பீட் ரோஸ் ஹிட் அடித்து, தொடர்ந்து 37 ஆட்டங்களில் ஹிட் என்ற நேஷனல் லீக் நவீன கால சாதனையைச் சமன் செய்தார். அந்த இன்னிங்ஸிலேயே மாற்றப்பட்டு வெளியே வந்த ஜாக்ரி, டக்அவுட் படியில் கிடந்த ஹெல்மெட்டை உதைக்கப் போனார். குறி தவறிக் கால் சிமெண்ட் படியில் மோதி எலும்பு முறிந்தது. அவருடைய அந்தப் பருவம் அத்துடன் முடிந்தது. 2004 செப்டம்பரில் யாங்கீஸ் பிட்சர் கெவின் பிரவுன் கிளப்ஹவுஸ் (ஆட்டக்காரர்களின் உடைமாற்று அறை) சுவரைக் குத்திக் கை எலும்பை முறித்துக்கொண்டார்; பந்து வீசாத கையால் குத்தும் அளவுக்கு மட்டும் நிதானம் இருந்திருக்கிறது. 2012 மே மாதம், அறிமுகமாகிச் சில வாரங்களே ஆகியிருந்த பிரைஸ் ஹார்ப்பர் சின்சினாட்டியில் சுவரில் அறைந்த மட்டை திரும்பி வந்து அவர் கண்ணுக்கு மேலே அடித்தது. பத்துத் தையல்கள் போட வேண்டியிருந்தது. 2018 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர் ஸ்டிரிக்லண்ட், முடித்துக் கொடுக்க வேண்டிய ஆட்டத்தைக் கைவிட்டபின் கதவைக் குத்தி, பந்து வீசும் கையின் சுண்டு விரலை முறித்துக்கொண்டார்.

இவற்றில் எனக்கு மிகவும் கசப்பானது டெவின் வில்லியம்ஸின் கதை. 2021இல் மில்வாக்கி பிரிவுப் பட்டம் வென்ற இரவில், கொண்டாட்டத்துக்குப் பிறகு ஏதோ எரிச்சலில் அவர் சுவரைக் குத்தினார். பந்து வீசும் கை முறிந்தது. அணியின் மிக நம்பகமான பிட்சர்களில் ஒருவரான அவர், அடுத்த சுற்றில் அட்லாண்டாவிடம் தோற்று மில்வாக்கி வெளியேறியதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. ஆறு மாத உழைப்பில் சக ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் பங்கு இருந்தது. "வேறு எவர்மீதும் விழக் கூடாது" என்று முதல் பதிலில் சொன்னது இதையும் சேர்த்துத்தான். தன் கையை உடைத்துக்கொள்வது தன்னோடு முடிகிற விஷயமல்ல.

மகிழ்ச்சியும் எலும்பை முறிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010 மே மாதம் கென்ட்ரிஸ் மொரேல்ஸ் ஆட்டத்தை வென்று தந்த ஹோம் ரன்னை (வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்துவிட்டு, சூழ்ந்து நின்ற சகாக்களின் நடுவே, ரன் நிறைவடையும் இடமான ஹோம் பிளேட்டில் துள்ளிக் குதித்தபோது கால் முறிந்தது. 2011 முழுவதும்கூட அவரால் ஆட முடியவில்லை.

8. கையை உடைத்துக்கொள்வது தனி ஆளின் கதை. ஒரு அணியே ஆத்திரத்தால் தோற்றதுண்டா?

மேஜர் லீகின் ஏழு ஆட்ட இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 1985ஆம் ஆண்டுத் தொடரைச் சொல்லலாம். ஆறாவது ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. மூன்று அவுட் எடுத்தால் கோப்பை. முதல் பேஸில் அவுட் ஆகியிருந்த கான்சஸ் சிட்டியின் ஹோர்ஹே ஓர்டாவை நடுவர் டான் டென்கிங்கர் சேஃப் (அவுட் இல்லை) என்று அறிவித்தார். தீர்ப்பு தவறு என்பது மறு ஒளிபரப்பில் பளிச்சென்று தெரிந்தது. கார்டினல்ஸ் அந்த ஆட்டத்தை 2-1 என்று இழந்தது.

மறுநாள் ஏழாவது ஆட்டம். அதே டென்கிங்கர் இம்முறை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றார். கார்டினல்ஸ் முந்தைய நாளிலிருந்து வெளியே வரவே இல்லை. அதற்கு முன் அந்தத் தொடரில் அருமையாக வீசியிருந்த ஜான் டியூடர் மூன்றாவது இன்னிங்ஸில் மாற்றப்பட்டதும் கிளப்ஹவுஸில் இருந்த மின்விசிறியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டார். ஐந்தாவது இன்னிங்ஸில் அணியைக் களத்தில் நடத்தும் மேனேஜர் வைட்டி ஹெர்சாக்கும் பிட்சர் ஹோவாகின் அண்டூஹாரும் நடுவரோடு மோதி வெளியேற்றப்பட்டார்கள். முடிவு 11-0. தவறான தீர்ப்பு அவர்களிடமிருந்து ஒரு பேஸைப் பறித்தது என்பது உண்மை. அதன் பிறகு ஆறாவது ஆட்டத்திலேயே எல்லைக் கோட்டுக்கு வெளியே எழுந்த எளிதான ஒரு ஃபவுல் பந்தைக் கோட்டைவிட்டதும், ஒரு முழு ஆட்டத்தைக் கோபத்தோடே ஆடியதும் அவர்கள் செய்தவை. செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் இன்றும் டென்கிங்கரைத்தான் குறை சொல்லுவார்கள். நான் அவர்களோடு பாதி வழிதான் உடன்படுவேன்.

9. நடுவர் அப்பட்டமாகத் தவறு செய்தால் கூடக் கத்தக் கூடாதா? அது கோழைத்தனம் ஆகாதா?

இதற்கு இரண்டு வேறுபட்ட மனிதர்களைக் காட்டுகிறேன். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் அர்மாண்டோ கலராகா தொடர்ந்து 26 பேட்டர்களை வீழ்த்தியிருந்தார். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் மேஜர் லீக் வரலாற்றில் மிகச் சிலருக்கே வாய்த்த பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரையும் பேஸை எட்டவிடாத ஆட்டம். 27ஆவது பேட்டர் முதல் பேஸில் தெளிவாக அவுட். நடுவர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்று கையை விரித்தார். சக ஆட்டக்காரர்களும் மேனேஜரும் கொதித்தார்கள். கலராகா நடுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் 28ஆவது பேட்டரை வீழ்த்தினார். ஜாய்ஸ் அன்றிரவே தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்கக் கலராகாவையே அனுப்பினார்கள். ஹோம் பிளேட்டில் ஜாய்ஸ் கண்ணீரோடு அதை வாங்கினார். அந்தச் சிரிப்பைக் கோழைத்தனம் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

கான்சஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் மறுபக்கம். 1983 ஜூலை 24 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன், மட்டையில் பிடிமானத்துக்காகப் பூசும் தார்ப் பிசின் அனுமதிக்கப்பட்ட 18 அங்குலத்தைத் தாண்டியிருந்ததால் செல்லாது என்றும், அவர் அவுட் என்றும் அறிவிக்கப்பட்டது. கண்கள் பிதுங்க, கைகளைச் சுழற்றிக்கொண்டு டக்அவுட்டிலிருந்து பாய்ந்து வந்த பிரெட்டைப் பலர் சேர்ந்து பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. வழக்கு அவர் பக்கம்தான் தீர்ந்தது: லீக் தலைவர் லீ மக்பேல், மட்டையை ஆட்டத்திலிருந்து நீக்கியிருக்க வேண்டுமே தவிர ரன்னைப் பறித்திருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார், ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் தொடரப்பட்டு கான்சஸ் சிட்டி 5-4 என்று வென்றது. ஆனால் அதை வாங்கித் தந்தது அணி முறைப்படி கொடுத்த எதிர்ப்பு மனு. பிரெட்டின் பாய்ச்சல் வாங்கித் தந்தது, பின்தேதியிட்ட வெளியேற்றம். தொடரப்பட்ட ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை.

10. நடுவரே வம்புக்கு இழுத்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2007 செப்டம்பரில் சான் டியேகோவின் மில்டன் பிராட்லி, தன்னை வம்புக்கு இழுத்த முதல் பேஸ் நடுவர் மைக் வின்டர்ஸோடு மோதப் போனார். தடுக்க முயன்ற மேனேஜர் பட் பிளாக் அவரைப் பிடித்துச் சுழற்றியபோது பிராட்லியின் முழங்கால் தசைநார் அறுந்தது. அவருடைய பருவம் முடிந்தது. வின்டர்ஸையும் லீக் எஞ்சிய பருவத்துக்கு இடைநீக்கம் செய்தது. ஆக, தவறு இருபுறமும் இருந்ததாகவே லீக்கும் கருதியது. முழங்கால் மட்டும் ஒருவருடையதுதான்.

எதையும் நியாயப்படுத்த முடியாத எல்லையும் உண்டு. 1996 செப்டம்பரில் டொரோன்டோவில் ராபர்டோ அலோமார் நடுவர் ஜான் ஹிர்ஷ்பெக்கின் முகத்தில் துப்பினார்; போதாதென்று, மகனை இழந்த துக்கத்தால் அவர் கசந்துபோனவர் என்று பேசவும் செய்தார். ஐந்து ஆட்ட இடைநீக்கம், அதுவும் அடுத்த பருவத்தில் அனுபவிக்கலாம் என்று லீக் சொன்னதால் நடுவர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்குப் போனார்கள். இருவரும் பின்னர் சமாதானமானார்கள். ஹிர்ஷ்பெக்கின் மகனைக் கொன்ற நோயின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அலோமார் துணை நின்றார். அந்தத் தண்டனை மிகவும் குறைவு என்பதே என் கருத்து.

11. ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டதும் பிட்சர் கையை விரித்து வானத்தைப் பார்க்கிறாரே, அது பரவாயில்லையா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வெறுக்கும் செயல் அதுதான். உடைந்த மட்டைகள் அனைத்தையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. தவறவிட்டவருக்குத் தான் தவறவிட்டது தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். பிட்சர் கையை விரிக்கும்போது "தோல்விக்கு நான் காரணமல்ல, அவன்தான்" என்று எல்லோருக்கும் அறிவிக்கிறார். அடுத்த பந்து அதே ஃபீல்டரிடம் போகும்போது அவர் கால்கள் எப்படி நகரும் என்று யோசித்துப் பாருங்கள். 2010 ஜூனில் சிகாகோ கப்ஸ் பிட்சர் கார்லோஸ் சம்பிரானோ, முதல் இன்னிங்ஸில் நான்கு ரன்களைக் கொடுத்துவிட்டு டக்அவுட்டில் சகாக்களை நோக்கிக் கத்தி, டெரக் லீயோடு மோதினார். அணியே அவரை இடைநீக்கம் செய்து, கோபத்தைக் கையாளும் சிகிச்சைக்கு அனுப்பியது.

பிட்சருக்கு இதில் தன்னலமான காரணம்கூட இருக்கிறது. எதிர் டக்அவுட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோள் தொங்கினால், பந்து வீசும் மேட்டைச் சுற்றி வேகமாக நடந்தால், அடுத்து நடுவில் ஒரு நேர்ப்பந்து வரும் என்று அனுபவசாலியான பேட்டர் காத்திருப்பார். யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா, கடைசியில் வந்து முன்னிலையைக் காத்து 652 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர். 2001 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் இழந்தவரும் அவர்தான். இரண்டு வகை இரவுகளிலும் அவர் முகத்தில் பெரிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

12. மேனேஜர்கள் தொப்பியைத் தரையில் அடித்துக் கத்துகிறார்கள். அவர்களுக்கு மட்டும் சலுகையா?

அவர்களில் பலர் கத்துவது கணக்குப் போட்டு. தன் ஆட்டக்காரர் வெளியேற்றப்படும் அளவுக்குச் சூடாகிறார் என்று தெரிந்தால், மேனேஜர் ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்று அந்த வெளியேற்றத்தைத் தான் வாங்கிக்கொள்வார். மட்டை பிடிக்க வேண்டியவர் ஆட்டத்தில் நிலைப்பார். அட்லாண்டாவின் பாபி காக்ஸ் 150க்கும் மேற்பட்ட முறை வெளியேற்றப்பட்டுச் சாதனை படைத்தவர். அவரிடம் ஆடியவர்கள் அதை நன்றியோடுதான் சொல்லுவார்கள். 2014இல் காணொளி மறுபரிசீலனை விரிவாக்கப்பட்ட பிறகு இந்தக் கலைக்கு வேலை குறைந்துவிட்டது. மறுபரிசீலனை முடிவை எதிர்த்து வாதிட்டால் உடனடி வெளியேற்றம்.

13. கோபம் வந்தால்தான் நன்றாக ஆடுகிறவர்களும் இருக்கிறார்களே?

யாங்கீஸ் பேட்டர் பால் ஓ'நீலைத்தான் எல்லோரும் சொல்லுவார்கள். தண்ணீர் டிரம்மை உதைப்பதும் ஹெல்மெட்டை எறிவதும் அவருக்கு அன்றாடம், 1994இல் 0.359 சராசரியோடு அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டமும், மொத்தம் ஐந்து வேர்ல்ட் சீரிஸ் வெற்றிகளும் அவரிடம் உண்டு. 2001இல் அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று அறிந்த நியூயார்க் ரசிகர்கள், வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் அணி பின்தங்கியிருந்தபோதே அவர் பெயரைச் சொல்லி அரங்கம் அதிர முழங்கினார்கள். அவர் கோபம் எப்போதும் தன் ஆட்டத்தின் மீதே இருந்தது. சகாக்களை நோக்கித் திரும்பியதில்லை என்பதால்தான் அவரை நேசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் நன்றாக ஆடியது கோபத்தால் என்பதை நான் ஏற்கவில்லை. கோபப்பட்டும் நன்றாக ஆடியவர்களின் பெயர்கள் நமக்கு நினைவிருக்கின்றன. கோபப்பட்டு மைனர் லீகிலேயே தேங்கிப்போனவர்களின் பெயர்களை நாம் கேள்விப்பட்டதே இல்லை.

14. ஹோம் ரன் அடித்து மட்டையைத் தூக்கி எறிந்தால் கொண்டாடுகிறோம், அவுட்டாகி எறிந்தால் திட்டுகிறோம். இது இரட்டை நாக்கு இல்லையா?

அந்தக் கொண்டாட்டத்தையும் எல்லோரும் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. 2015 அக்டோபரில் டெக்சஸுக்கு எதிராக டொரோன்டோவின் ஹோசே பௌட்டிஸ்டா ஹோம் ரன் அடித்து மட்டையை வீசியெறிந்தார். அந்தக் கணக்கு 2016 மே மாதம் டெக்சஸின் ரூக்னெட் ஓடோர் அவர் தாடையில் விட்ட குத்தில் முடிந்தது. தென்கொரிய லீகில் இதே மட்டை வீச்சு ஆட்டத்தின் சுவைகளில் ஒன்று, எவரும் முறைப்பதில்லை. ஜப்பானின் பள்ளி ஆட்டங்களிலோ முஷ்டியை உயர்த்திக் கொண்டாடுவதைக்கூட அடக்கச் சொல்லுவார்கள்.

இருந்தாலும் கேள்வியில் நியாயம் உண்டு. மகிழ்ச்சியைக் காட்ட அனுமதித்தால் வருத்தத்தையும் காட்ட அனுமதிக்க வேண்டும். என் நிபந்தனை இரண்டுக்கும் ஒன்றுதான். அதை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

15. ஒருவர் கோபப்பட்டால் "துடிப்பானவர்" என்கிறார்கள், இன்னொருவர் கோபப்பட்டால் "திமிர் பிடித்தவர்" என்கிறார்கள். ஆளுக்கொரு நீதியா?

இதுதான் மிகவும் சிக்கலான கேள்வி. பதில், ஆம் என்பதே. 1945 ஆகஸ்டில் புரூக்ளின் அணி நிர்வாகத்தின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சனை அழைத்து, கறுப்பின ஆட்டக்காரர்களை விலக்கி வைத்திருந்த மேஜர் லீகின் நிறத்தடையை உடைக்க வேண்டுமானால் எவ்வளவு அவமானப்படுத்தினாலும் திருப்பித் தாக்கக் கூடாது என்ற வாக்குறுதியைக் கேட்டார். ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கினார். அதே மாதம் பிலடெல்பியாவின் மேனேஜர் பென் சாப்மன் டக்அவுட்டிலிருந்து பொழிந்த இனவெறி வசவுகளை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு ஆடினார். 1949இல் அந்தக் கட்டு தளர்ந்தது, அவ்வாண்டு 0.342 சராசரியோடு லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். மற்றவர்களைப் போலவே நடுவர்களிடம் வாதிடவும் தொடங்கினார். அப்போது சில பத்திரிகைகள் அவரை வாயாடி என்றும் நன்றி கெட்டவர் என்றும் எழுதின.

1955 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில் ராபின்சன் ஹோம் பிளேட்டைத் திருடியபோது (பந்து அடிக்கப்படாமலே ஓடி வந்து அதை எட்டியபோது), நடுவர் சேஃப் என்றதும் யாங்கீஸ் கேட்சர் யோகி பெர்ரா முகமூடியோடு துள்ளித் துள்ளிக் கத்தினார். அவர் வெளியேற்றப்படவில்லை; அந்தக் காட்சி இன்றும் செல்லமாகத்தான் காட்டப்படுகிறது. பெர்ரா செய்தது தவறென்று சொல்லவில்லை. ராபின்சன் அதே போல் துள்ளியிருந்தால் மறுநாள் தலைப்பு என்னவாக இருந்திருக்கும் என்பதே கேள்வி. லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்களை "சூடான ரத்தம்" என்று முத்திரை குத்தும் பழக்கமும் இதே வகைதான். ஆகவே எவரையாவது "தொழில்முறைக்குப் பொருந்தாதவர்" என்று சொல்வதற்கு முன், அதே செயலை வேறு யார் செய்தபோது சிரித்தோம் என்று பார்ப்பது நல்லது.

16. யாரும் பார்க்காத இடத்தில் போய்த் தீர்த்துக்கொள்ளலாமே?

பல காலமாக அதுதான் வழக்கம். டக்அவுட்டுக்கும் கிளப்ஹவுஸுக்கும் நடுவிலுள்ள சுரங்கப் பாதை அதற்கென்றே இருப்பதுபோல் இருந்தது. இப்போது அங்கேயும் கண்கள் உண்டு. 2022 ஜூலையில் காயத்திலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்த பாஸ்டன் பிட்சர் கிறிஸ் சேல், வூஸ்டரில் மைனர் லீக் ஆட்டம் ஒன்றில் வீசியபின் அப்படிப்பட்ட பாதையில் எதையெதையோ அடித்து நொறுக்கியது காணொளியாகி நாடு முழுவதும் ஓடியது. பார்வைக்கு மறைவாகச் செய்வது மரியாதைதான். ஆனால் 7ஆம் கேள்வியில் வந்த சுவர்களும் கதவும்கூட அப்படி மறைவாக இருந்தவைதாம்.

17. இனி இயந்திரமே ஸ்ட்ரைக் சொல்லப் போகிறதாம். அப்புறம் கோபப்பட என்ன இருக்கிறது?

இயந்திரம் எல்லாவற்றையும் சொல்லாது. 2026 பருவத்திலிருந்து வரும் முறையில் நடுவர்தான் முதலில் முடிவு சொல்லுவார். பேட்டர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர் தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டி அதை உடனே சவாலுக்கு அழைக்கலாம். டக்அவுட்டிலிருந்து உதவி கேட்கக் கூடாது. ஓர் அணிக்கு இரண்டு சவால்கள். வென்றால் அது குறையாது, தோற்றால் போய்விடும். பேட்டர் மட்டையைப் பாதி வீசி நிறுத்தினாரா இல்லையா என்பது இந்த முறைக்குள் வராது. அது வழக்கம்போல் நடுவரின் கண்ணுக்கே விடப்பட்டிருக்கிறது. 2023இல் வந்த, பந்துகளுக்கு இடையேயான நேரத்தை வரையறுக்கும் பிட்ச் கடிகாரம், பேட்டர்கள் கட்டத்தை விட்டு இறங்கி நடந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தையும் ஏற்கெனவே சுருக்கிவிட்டது.

நடுவர் மீதான கோபம் இதனால் குறையும் என்றே நினைக்கிறேன். கலராகாவுக்கு நேர்ந்ததுபோன்ற பேஸ் தீர்ப்புகளில் 2014க்குப் பிறகு அப்படித்தான் குறைந்தது. ஆனால் முதல் இன்னிங்ஸிலேயே, ஆளில்லாத பேஸ்களோடு, தன் ரோஷத்துக்காக ஒரு சவாலை வீணடிக்கும் பேட்டரை ஒன்பதாவது இன்னிங்ஸில் அவருடைய சகாக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது இனிமேல் என்னிடம் வரப்போகும் கேள்வி. சில அணிகள் பிட்சர்களைத் தொப்பியில் கையே வைக்கக் கூடாது என்று தடுத்து, அந்த உரிமையைக் கேட்சரிடம் விட்டுவிட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.